விஸ்லர் பிளாக்கோம் முதல் தடவை போறீங்களா? ஏறுறதுக்கு முன்னாடியே எப்படி இறங்கப் போறீங்கன்னு முடிவு பண்ணுங்க

கனடால வான்கூவர் பக்கம் குடியிருக்கிறதால, டிசம்பர் பொறந்தாலே ஊர்ல இருந்து வர்றவங்க, டொராண்டோ சொந்தக்காரங்க, புதுசா வேலைக்கு வந்த பசங்கன்னு யாராச்சும் பனிச்சறுக்கு (ஸ்கீயிங்) பண்ற விஸ்லர் மலைக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு கேட்டுட்டே இருப்பாங்க. கூட்டிட்டுப் போய் போய் ஒரு விஷயம் தெளிவா தெரிஞ்சுது. முதல் நாள் கெட்டுப் போறது ஸ்கீயிங் தெரியாததால ரொம்ப குறைவு. எதை முன்னாடி செய்யணும், எதை பின்னாடி செய்யணும்ங்கிற வரிசை மாறிப்போறதாலதான் பெரும்பாலும் கெட்டுப் போகுது.

இடம் எவ்வளவு பெருசுன்னு முதல்ல மனசுல வாங்கிக்கோங்க. விஸ்லர், பிளாக்கோம்னு ரெண்டு மலை, ரெண்டுக்கும் ஒரே டிக்கெட். கீழ வில்லேஜ் 675 மீட்டர் உயரத்துல இருக்கு, பிளாக்கோம்ல லிஃப்ட் (மேல ஏத்திட்டுப் போற கயிறு வண்டி) போய் நிக்கிற உச்சி 2,284 மீட்டர். ஸ்கீ பண்ற பரப்பு 8,171 ஏக்கர், 200-க்கும் மேல ரன், அதாவது சறுக்கி இறங்குற வழி. இவ்வளவு பெரிய மலைல "போய் பாத்துக்கலாம்"னு ஏறினா மத்தியானம் தெரியாத எடத்துல நடுங்கிட்டு நிப்பீங்க.

1. யார் யார் எதுக்கு வர்றாங்கன்னு பிரிங்க

டிக்கெட் பக்கத்தை தொறக்கிறதுக்கு முன்னாடி இது. குடும்பமா வந்தா எல்லாருக்கும் ஸ்கீ வேணும்னு நெனச்சுக்கிறாங்க, அப்புறம் பாதி பேர் பூட் வலிக்குதுன்னு பத்தரை மணிக்கே கழட்டி வெச்சுடுறாங்க, அந்தப் பணம் திரும்பி வராது.

அப்பா அம்மா, கர்ப்பமா இருக்கிறவங்க, முட்டி வலி இருக்கிறவங்களுக்கு சைட்சீயிங் டிக்கெட் போதும். விஸ்லர் வில்லேஜ் கொண்டோலாவுல (மூடின கேபின் லிஃப்ட்) விஸ்லர் மலை மேல இருக்கிற ரவுண்ட்ஹவுஸ் லாட்ஜ் வரைக்கும் போகலாம், அங்கிருந்து பீக் டு பீக் கொண்டோலாவுல எதிர் மலைக்குப் போயிட்டு வரலாம், சூடா காபி குடிச்சிட்டு கொண்டோலாவுலயே இறங்கலாம். சின்னப் பசங்களுக்கு பிளாக்கோம் பக்கம் டியூப் பார்க் இருக்கு, காத்து அடிச்ச பெரிய டியூப்ல உக்காந்து சறுக்கிட்டு வரலாம், எதையும் கத்துக்க வேண்டியதில்ல. அதுக்கு டிக்கெட் தனி.

மிச்சம் இருக்கிறவங்கதான் ஸ்கீயா, இல்ல ரெண்டு காலையும் ஒரே பலகைல கட்டுற ஸ்னோபோர்டான்னு முடிவு பண்ணணும். ஒரே ஒரு நாள்தான் இருக்குன்னா ஸ்கீ எடுங்க. ரெண்டு காலும் தனித்தனியா இருக்கிறதால நிக்கிறது, நடக்கிறது, லிஃப்ட்ல ஏறுறது எல்லாம் சீக்கிரம் கைக்கு வரும். ஸ்னோபோர்டுல முதல் நாள் முழுக்க உக்காந்து எழுந்திரிக்கிறதுலயே போயிடும், மணிக்கட்டுக்கும் பின்பக்கத்துக்கும் அடி ஜாஸ்தி. மூணு நாள் இருக்கு, போர்டுதான் ஆசைன்னா தாராளமா எடுங்க.

2. தேதிய பிடிங்க, கூட்டத்த தவிருங்க

சீசன் நவம்பர் கடைசில ஆரம்பிச்சு ஏப்ரல், சில வருஷம் மே வரைக்கும் ஓடும். கிறிஸ்மஸ்ல இருந்து நியூ இயர் வரைக்கும், பிப்ரவரி மூணாவது திங்கள் வர்ற லாங் வீக்கெண்ட், இந்த ரெண்டையும் புதுசா கத்துக்கிறவங்க கண்டிப்பா விட்டுடுங்க. பிப்ரவரில பி.சி.ல (பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம்) ஃபேமிலி டேயும் அமெரிக்கால பிரசிடெண்ட்ஸ் டேயும் ஒரே திங்கள்ல வருது, சியாட்டில்ல இருந்தும் கூட்டம் வந்து சேரும். நிறைய பேர் சறுக்கிட்டு வர்ற எடத்துல நிக்கவே தெரியாதவங்களுக்கு பயம்தான் மிஞ்சும்.

ஜனவரி நடுவுல ஒரு செவ்வாய், புதன் கிடைச்சா அருமை. குளிர் ஒத்துக்காதவங்க மார்ச் முதல் பாதில வாங்க. பகல் நீளம், லிஃப்டும் கூடுதல் நேரம் ஓடும், மேல பனி இன்னும் நல்லாவே இருக்கும். டிசம்பர் ஜனவரில மூணு மணி வாக்குலயே லிஃப்ட மூட ஆரம்பிச்சுடுவாங்க. பத்து மணிக்கு சாவகாசமா வந்து எறங்குறவங்களுக்கு கையில கிடைக்கிறது அஞ்சு மணி நேரம்தான், அதுல ஒரு மணி நேரம் பூட் மாட்டுறதுலயும் கியூலயும் போயிடும்.

3. பாடத்த முதல்ல புக் பண்ணுங்க, டிக்கெட் அதுக்கப்புறம்

இந்த வரிசைய மாத்தி செய்றவங்கதான் அதிகம். மொதல்ல முழு மலைக்கும் டிக்கெட் வாங்கிடுறாங்க, பாடம்னு போனா அந்தப் பேக்கேஜ்லயே லிஃப்டும் சில சமயம் வாடகை சாமானும் சேர்ந்தே இருக்கு. ஒரே விஷயத்துக்கு ரெண்டு தடவ காசு. அதனால பேக்கேஜ்ல என்னென்ன இருக்குன்னு பாத்துட்டு, இல்லாதத மட்டும் தனியா வாங்குங்க.

"எனக்கு ஸ்கீ தெரிஞ்ச ஃப்ரெண்டு இருக்கான், அவன் சொல்லித் தருவான்"னு வர்றவங்கள நெறைய பாத்திருக்கேன். நல்லா ஸ்கீ பண்றவனுக்கு சொல்லித் தர வரணும்னு ஒண்ணும் இல்ல. அவன் பத்து நிமிஷம் காட்டிட்டு "வா மேல போலாம்"னு கூட்டிட்டுப் போயிடுவான், மேல நின்னு கீழ பாத்ததும் உங்க கால் நகராது. முதல் நாள் பாடம் எடுக்கிற காச மட்டும் மிச்சம் பிடிக்காதீங்க, வேற எதுல வேணா பிடிங்க.

லிஃப்ட் டிக்கெட்ட அன்னைக்குப் போய் கவுண்டர்ல வாங்குறது ரொம்ப மோசமான வழி. பீக் சீசன்ல ஒரு நாளுக்கு 200 கனடா டாலருக்கு மேல போகும். முன்கூட்டி ஆன்லைன்ல வாங்கினா குறையும், இலையுதிர் காலத்துலயே எபிக் டே பாஸ் (முன்கூட்டி வாங்குற நாள் கணக்கு பாஸ்) வாங்கி வெச்சா இன்னும் நல்லா குறையும். கனடால குடியிருக்கிறவங்களுக்கு எட்ஜ் கார்டுன்னு ஒரு தள்ளுபடி பாஸ் தனியா இருக்கு. டே பாஸும் எட்ஜ் கார்டும் சீசன் சூடு பிடிச்சப்புறம் கிடைக்காது. வர்றது உறுதின்னா அக்டோபர், நவம்பர்லயே முடிங்க.

இன்ஷூரன்ஸையும் இந்தக் கட்டத்துலயே பாத்துடுங்க. ஊர்ல இருந்து வர்றவங்க எடுக்கிற டிராவல் பாலிசில ஸ்கீயிங்க "ஆபத்தான விளையாட்டு"ன்னு தள்ளி வெச்சிருப்பாங்க, அந்த வரிய தேடிப் படிங்க. டொராண்டோவுல இருந்து வர்றவங்களுக்கும் சொல்றேன், ஒன்டாரியோ ஹெல்த் கார்டு இருந்தாலும் வெளி மாகாணத்துல ஆம்புலன்ஸ் செலவு உங்க தலைலதான் விழும்.

4. துணி: மூணு அடுக்கு, காட்டன் ஒரு இழை கூட வேண்டாம்

உள்ள தெர்மல், நடுவுல ஃபிளீஸ், வெளிய தண்ணி புகாத ஜாக்கெட்டும் ஸ்னோ பேண்டும். தெர்மல் பாலியஸ்டர் இல்லன்னா மெரினோ கம்பளியா இருக்கட்டும். பனியன், ஜீன்ஸ், காட்டன் சாக்ஸ் எதுவும் ஆகாது. ஸ்கீ பண்ணும்போது வேர்க்கும், காட்டன் அந்த வேர்வைய பிடிச்சு வெச்சுக்கும், அடுத்து லிஃப்ட்ல அசையாம பத்து நிமிஷம் உக்காரும்போது அந்த ஈரமே உடம்ப உறைய வெக்கும்.

தண்ணி புகாததுன்னு ஏன் அழுத்தி சொல்றேன்னா, விஸ்லர் கடல் பக்கத்து மலை. கீழ வில்லேஜ்ல மழை கொட்டும், மேல அதே மேகம் பனியா விழும். ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் ஆறு டிகிரி போல குளிர் ஏறும். அதனால வில்லேஜ்ல 2 டிகிரில மழைன்னா 1,850 மீட்டர்ல இருக்கிற ரவுண்ட்ஹவுஸ்ல மைனஸ் 5 இருக்கும். கீழ நனஞ்சிட்டு மேல போனா அந்தத் துணி அப்படியே விறைச்சுப் போகும். மழைய பாத்துட்டு இன்னைக்கு வேஸ்ட்னு திரும்பிப் போயிடாதீங்க, மேல அருமையா பனி பெஞ்சிட்டு இருக்கலாம். வானிலைல ஃப்ரீசிங் லெவல் எத்தன மீட்டர்னு பாருங்க. அதுக்கு மேல பனி, கீழ மழை.

சாக்ஸ் ஒரே ஒரு ஜோடி, மெல்லிசு, முழங்காலுக்குக் கீழ வரைக்கும் நீளமானது. குளிருமேன்னு ரெண்டு ஜோடி போட்டா பூட்டுக்குள்ள கால் நசுங்கி ரத்த ஓட்டம் குறையும், கால் இன்னும் சீக்கிரம் மரத்துப் போகும். புதுசா வர்றவங்க பத்துல ஏழு பேர் இதத்தான் பண்றாங்க.

கிளவுஸ் தண்ணி புகாததா இருக்கணும், கம்பளி கிளவுஸ் ஒரு தடவ விழுந்தாலே நனஞ்சிடும். காகிள்ஸ், கழுத்துக்கு பஃப், சன்ஸ்கிரீன், லிப் பாம் எடுத்துக்கோங்க. மேகமா இருந்தாலும் பனி வெளிச்சத்த திருப்பி அடிக்கும், தாடைக்கு அடிலயும் மூக்குக்கு அடிலயும் கூட கருத்துப் போகும். ஜாக்கெட்டும் பேண்டும் வாங்க வேண்டாம், அதுவும் வாடகைக்குக் கிடைக்கும். சாக்ஸ், கிளவுஸ் மட்டும் சொந்தமா வாங்கிடுங்க.

5. வாடகை சாமான முந்தின நாள் சாயங்காலமே எடுங்க

காலை எட்டு மணிக்கு ரெண்டல் கடைல கியூ வாசல் தாண்டி நிக்கும். வில்லேஜ்ல தங்குறீங்கன்னா முந்தின நாள் சாயங்காலம் போய் நிதானமா போட்டுப் பாத்து எடுங்க. நிறைய கடைல சாயங்காலம் எடுத்தாலும் அடுத்த நாள்ல இருந்துதான் கணக்கு, கேட்டுக்கோங்க.

பூட்தான் எல்லாமே. ஸ்கீ சுமாரா இருந்தா சமாளிச்சுடலாம், பூட் சரியில்லன்னா அன்னைக்கு நாள் முடிஞ்சுது. ஷூ சைஸ் சொல்லாதீங்க, பாதத்த சென்டிமீட்டர்ல அளந்து குடுக்கச் சொல்லுங்க. போடுறப்ப நாக்குப் பகுதிய நல்லா வெளிய இழுத்து, காலை உள்ள விட்டு, குதிகாலை தரைல ரெண்டு தட்டு தட்டுங்க, குதிகால் பின்னாடி போய் உக்காரும். அதுக்கப்புறம் பக்கிள், கணுக்கால் பக்கம் முதல்ல, விரல் பக்கம் லூசா. தெர்மல் பேண்ட பூட்டுக்குள்ள திணிக்கக் கூடாது, சாக்ஸ் மட்டும்தான் உள்ள இருக்கணும். அந்தச் சின்ன மடிப்பு மத்தியானத்துக்குள்ள முன்னங்கால் எலும்புல ரத்தம் கட்ட வெச்சுடும்.

நேரா நின்னா பெருவிரல் முன்னாடி லேசா இடிக்கணும், முட்டிய மடக்கி முன்னாடி சாஞ்சா இடிக்காம விலகணும். அப்படி இருந்தா சைஸ் சரி. செருப்பு மாதிரி வசதியா இருக்குன்னா அது பெருசு, நீங்க கால திருப்பினா பூட் மட்டும் நிக்கும், ஸ்கீ திரும்பாது.

எடை, உயரம், வயசு, அனுபவம்னு ஒரு ஃபார்ம் குடுப்பாங்க. தயவுசெஞ்சு உண்மைய எழுதுங்க. அந்தக் கணக்குலதான் பைண்டிங் (பூட்ட ஸ்கீயோட பிடிச்சு வெக்கிற பாகம்) எந்த அழுத்தத்துல கழண்டுக்கணும்னு வெக்கிறாங்க. எடைய குறைச்சு எழுதினா ஓடும்போதே ஸ்கீ கழண்டு விழும். அனுபவத்த கூட்டி எழுதினா விழும்போது கழளாது, அப்ப முறுக்கு முழுக்க முட்டி ஜவ்வுக்குப் போகும். பக்கத்துல மாமனார் நிக்கிறார், ஃப்ரெண்டு எட்டிப் பாக்குறான்னு வெக்கப்பட்டு நாலு கிலோ குறைக்கிறவங்க இருக்காங்க. அங்க வேண்டாம்.

ஹெல்மெட் கண்டிப்பா எடுங்க. காகிள்ஸையும் ஹெல்மெட்டையும் சேத்துப் போட்டுப் பாருங்க, நெத்தில ரெண்டுக்கும் நடுவுல இடைவெளி இருந்தா வேற சைஸ் கேளுங்க.

6. ரோடு

வான்கூவர்ல இருந்து 120 கிலோமீட்டர், ஹைவே 99. வெயில் நாள்ல ரெண்டு மணி நேரம். பனி பெஞ்ச சனிக்கிழமை காலைல எவ்வளவு ஆகும்னு யாராலயும் சொல்ல முடியாது. அக்டோபர் 1-ல இருந்து மார்ச் 31 வரைக்கும் அந்த ரோட்டுக்கு வின்டர் டயர் சட்டப்படி கட்டாயம், 3.5 மில்லிமீட்டர் டிரெட்டும் (டயர் பள்ளத்தோட ஆழம்) இருக்கணும். வான்கூவர் ஏர்போர்ட்ல வாடகைக் கார் எடுக்கிறவங்க "வின்டர் டயர் போட்ட வண்டி வேணும்"னு வாய்விட்டுக் கேளுங்க, எல்லா வண்டிலயும் இருக்கும்னு நெனக்காதீங்க.

பனி ரோட்டுல ஓட்டிப் பழக்கம் இல்லன்னா பஸ்தான் நல்லது. ஏர்போர்ட்ல இருந்தும் டவுன்டவுன்ல இருந்தும் நேரா விஸ்லர் வில்லேஜுக்கே பஸ் இருக்கு. வில்லேஜ்ல இறங்கினா எல்லாம் நடக்கிற தூரம், கார் தேவைப்படாது. காலைல அஞ்சு மணிக்கு எழுந்து ஓட்டி, நாள் முழுக்க ஸ்கீ பண்ணி, இருட்டுல அதே ரோட்டுல திரும்பி ஓட்டுறத புதுசா வந்தவங்களுக்கு நான் சொல்லவே மாட்டேன். முடிஞ்சா ஒரு ராத்திரியாவது தங்குங்க.

7. எந்த அடிவாரம்னு எல்லார் போன்லயும் எழுதி வெய்ங்க

இதுல குழம்பாதவங்க குறைவு. ஏறுற எடம் மூணு. விஸ்லர் வில்லேஜ், அங்கிருந்து அஞ்சு பத்து நிமிஷ நடைல அப்பர் வில்லேஜ், அதான் பிளாக்கோம் அடிவாரம். மூணாவது க்ரீக்சைட், அது தெக்கால சில கிலோமீட்டர் தள்ளி இருக்கு, நடக்க முடியாது.

கார வில்லேஜ் பார்க்கிங்ல விட்டுட்டு, மேல இருந்து தப்பான வழிகாட்டிப் பலகைய பாத்து திரும்பி க்ரீக்சைட்ல போய் இறங்கினா, பூட்டோட, ஸ்கீய தோள்ல போட்டுட்டு பஸ்ஸுக்கு நிக்கணும். அதனால பாடம் எங்க ஆரம்பிக்குது, கார் எங்க, சாயங்காலம் எங்க சந்திக்கிறோம், மூணையும் காலைலயே குடும்ப குரூப்ல ஒரே மெசேஜா போட்டுடுங்க. மேல சில எடத்துல சிக்னல் இருக்காது, அப்ப அந்த மெசேஜ்தான் வழிகாட்டும்.

போன உள்சட்டைப் பாக்கெட்ல வெய்ங்க. வெளிப் பாக்கெட்ல வெச்சா குளிர்ல பேட்டரி நாப்பது சதவீதத்துலயே அணைஞ்சு போகும். பாஸ் ஆப்ல இருந்தா பவர் பேங்க்கும் கூடவே இருக்கட்டும்.

8. முதல் ரெண்டு மணி நேரம்

பாடத்துக்கு முக்கால் மணி நேரம் முன்னாடி அடிவாரத்துல நில்லுங்க. டாய்லெட் போயிட்டு அப்புறம் எல்லாத்தையும் மாட்டுங்க. பசங்கள வெச்சிருக்கிறவங்களுக்கு இந்த வரிசை ரொம்ப முக்கியம்.

ஸ்கீய மாட்டுறப்ப பூட் அடில ஒட்டியிருக்கிற பனிய முதல்ல தேச்சு எடுங்க. கைல பிடிக்கிற போல் (ஸ்கீ குச்சி) நுனியால சுரண்டலாம், இல்லன்னா பைண்டிங் மேலயே உரசலாம். விரல் பக்கத்த முன்னாடி நுழைச்சு, குதிகாலை ஓங்கி அழுத்தினா "டக்"குனு சத்தம் வரும். சத்தம் வரலன்னா பனி இன்னும் இருக்கு. எத்தன பேர் இதத் தெரியாம பத்து நிமிஷம் மிதிச்சுட்டே நின்னு, பைண்டிங் ரிப்பேர்னு கடைக்கே திருப்பி எடுத்துட்டுப் போயிருக்காங்க தெரியுமா. சரிவுல மாட்டுறீங்கன்னா ஸ்கீய சரிவுக்குக் குறுக்கால வெச்சு, கீழ்ப்பக்கத்து காலை முதல்ல மாட்டுங்க. நேரா கீழ பாத்து வெச்சா ஒரு ஸ்கீ உங்கள விட்டுட்டுப் போயிடும்.

விஸ்லர் பக்கம் வில்லேஜ் கொண்டோலா நடுவுல ஒலிம்பிக் ஸ்டேஷன்னு ஒரு நிறுத்தம், கத்துக்கிறவங்களுக்கான மேஜிக் கார்பெட் (நின்னபடியே மேல கொண்டு போற நகரும் பட்டை) எல்லாம் அங்க இருக்கு. புதுசா வந்தவங்க அங்கயே இறங்கணும், கொண்டோலாவுல உக்காந்தே இருந்தா நேரா ரவுண்ட்ஹவுஸ்க்குப் போயிடும். முதல்ல நிறுத்தக் கத்துக்கோங்க, ரெண்டு ஸ்கீ நுனியையும் கிட்டக் கொண்டுவந்து, பின்பக்கத்த அகட்டி, முட்டிய முன்னாடி தள்ளி. அப்புறம் திரும்புறது. பயம் வந்தா உடம்பு தானா பின்னாடி சாயும், அப்பதான் ஸ்கீ வேகம் எடுக்கும். பூட் நாக்குல முன்னங்கால் எப்பவும் அழுத்திட்டே இருக்கணும், இது ஒண்ண பிடிச்சுட்டா மத்தது வரும்.

சேர் லிஃப்ட்ல முதல் தடவை ஏறுறப்ப ஆபரேட்டர்கிட்ட "ஃபர்ஸ்ட் டைம்"னு சொல்லுங்க, வேகத்த குறைப்பார். போல் ரெண்டையும் ஒரே கைல பிடிங்க, கோடு வரைக்கும் வந்து நில்லுங்க, தோளுக்கு மேல திரும்பி சேர பாத்துட்டு உக்காருங்க. இறங்குறப்ப ஸ்கீ நுனிய தூக்கி வெச்சு, எழுந்து, நேரா சறுக்கிட்டே போங்க. இறங்கின எடத்துலயே நின்னு கிளவுஸ் மாட்டாதீங்க, பின்னாடி சேர்ல வர்றவங்க உங்க மேலதான் வந்து விழுவாங்க.

9. மேல போற நேரம் எது

கார்பெட் பக்கத்துல எங்க வேணும்னாலும் நிறுத்த முடியுது, ரெண்டு பக்கமும் திரும்ப முடியுதுன்னா, அப்ப மேல போகலாம். விஸ்லர்ல எமரால்ட் எக்ஸ்பிரஸ் லிஃப்ட சுத்தி கிரீன் ரன் நிறைய இருக்கு, பிளாக்கோம்ல கிரீன் லைன்னு ஒரு நீளமான வழி இருக்கு. பச்சை வட்டம் சுலபம், நீலச் சதுரம் நடுத்தரம், கருப்பு டைமண்ட் கஷ்டம், ரெண்டு கருப்பு டைமண்ட் பக்கமே போக வேண்டாம்.

ஏறுறதுக்கு முன்னாடி மேப்ல அந்த லிஃப்ட் உச்சில விரல வெச்சு கீழ வரைக்கும் பச்சைக் கோட்ட இழுத்துப் பாருங்க. நடுவுல அறுந்து நீலமா மாறுதா? அப்ப அந்த லிஃப்ட் இன்னைக்கு வேண்டாம். இந்த ஒரு நிமிஷ வேலைய செய்யாம மேல போய் மாட்டிக்கிட்டு, ஸ்கீய கழட்டி கைல பிடிச்சு நடந்து இறங்குறவங்கள ஒவ்வொரு வீக்கெண்டும் பாக்கலாம்.

பச்சைன்னா எல்லா எடமும் அகலமா இருக்கும்னு இல்ல. விஸ்லர்ல ஹார்மனி லிஃப்ட் பக்கத்துல இருந்து வர்ற பர்ன்ட் ஸ்டூ நல்ல அழகான வழி, ஆனா நடுவுல சமதளம் இருக்கு, ஸ்னோபோர்டு காரங்க வேகத்த விட்டா ஒரு கால கழட்டி தள்ளிட்டுதான் வரணும்.

மேகம் வந்து மூடினா மேடு பள்ளம் தெரியாது, எல்லாம் ஒரே வெள்ளையா போயிடும். அப்ப மரங்க இருக்கிற உயரத்துக்கு இறங்கிடுங்க, மரத்தோட நிழல வெச்சு தரை தெரியும். ஆனா மரத்துக்கு நடுவுல மட்டும் போகாதீங்க. இங்க பனி ஆழம், மரத்தடில கிளைக்குக் கீழ பொலபொலன்னு குழியா இருக்கும், தலைகீழா விழுந்தா தானா வெளிய வர முடியாது. கயிறு கட்டியிருந்தா அந்தப் பக்கம் போகவே கூடாது, பனிச்சரிவு மாதிரி அபாயத்துக்காக கட்டினது அது.

சாப்பாடு 11 மணிக்கு இல்லன்னா ஒன்றரைக்கு மேல. நடுவுல போனா ரவுண்ட்ஹவுஸ்ல தட்ட வெச்சுட்டு எடம் தேடி அலையணும். சைவம் சாப்பிடுறவங்க கைல சப்பாத்தி ரோல் எடுத்துட்டு வாங்க, ஜாக்கெட்டுக்குள்ள வெச்சா உறையாது. தண்ணி குடிக்க மறந்துடாதீங்க. ஒருத்தர் முகத்த ஒருத்தர் அப்பப்ப பாத்துக்கோங்க, மூக்குலயோ கன்னத்துலயோ வெள்ளையா திட்டு தெரிஞ்சா உடனே உள்ள போயிடணும், தேய்க்கக் கூடாது.

10. பீக் டு பீக் போறவங்க கடைசி நேரத்த கேட்டு வெய்ங்க

ரெண்டு மலைக்கும் நடுவுல 4.4 கிலோமீட்டர், 11 நிமிஷம், பள்ளத்தாக்குக்கு மேல 436 மீட்டர் உயரத்துல போகும். சில கேபின்ல கண்ணாடித் தரை இருக்கு, அதுக்குத் தனி கியூ. காத்து ஜாஸ்தியா அடிச்சா நிறுத்திடுவாங்க. அதனால மத்தியானத்துக்கு முன்னாடியே போயிட்டு வந்துடுங்க. கடைசி கேபின விட்டுட்டா எதிர் மலை அடிவாரத்துல இறங்கணும். குடும்பம் ரெண்டா பிரிஞ்சு நிக்கிறது பெரும்பாலும் இப்படித்தான்.

11. இறங்குறது

சாயங்காலம் வில்லேஜ் வரைக்கும் ஸ்கீ பண்ணியே இறங்கணும்னு எல்லாருக்கும் ஒரு ஆசை. முதல் நாள் அத செய்யாதீங்க. கீழ்ப்பகுதில பனி பகல்ல இளகி, சாயங்காலம் கட்டியா இறுகும். கால் ஏற்கெனவே தளர்ந்து போயிருக்கும். மொத்த மலையும் ஒரே நேரத்துல அந்த வழியா இறங்கும், பின்னாடி வேகமா வர்றவங்களுக்கு நீங்க எந்தப் பக்கம் திரும்புவீங்கன்னு தெரியாது. "இன்னும் ஒரே ஒரு ரன்"னு போனவங்கதான் அடிபட்டு வர்றாங்க.

கொண்டோலாவுல இறங்குங்க. ரவுண்ட்ஹவுஸ்ல இருந்தோ ஒலிம்பிக் ஸ்டேஷன்ல இருந்தோ தாராளமா ஏறலாம், நல்லா ஸ்கீ தெரிஞ்சவங்களே அப்படித்தான் வர்றாங்க. லிஃப்ட் மூடுறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே கிளம்பிட்டா கியூவும் இருக்காது.

12. யாராச்சும் விழுந்தா, காணாம போனா

கீழ இருக்கிறவங்களுக்குத்தான் முதல் உரிமை, மேல இருந்து வர்றவங்கதான் ஒதுங்கணும். நிக்கிறதா இருந்தா ஓரத்துல நில்லுங்க, மேட்டுக்குக் கீழ, வளைவுல நிக்காதீங்க. மேல இருந்து பாத்தா நீங்க தெரிய மாட்டீங்க.

யாராச்சும் எந்திரிக்க முடியாம கிடந்தா, அவங்களுக்குக் கொஞ்சம் மேல ரெண்டு ஸ்கீயையும் பெருக்கல் குறி மாதிரி குறுக்கால நட்டு வெய்ங்க, வர்றவங்க விலகிப் போவாங்க. பூட்ட கழட்டாதீங்க, வீங்கிட்டா திரும்ப மாட்ட முடியாது, அதுவே ஒரு கட்டு மாதிரி தாங்கிப் பிடிச்சிருக்கும். ஸ்கீ பேட்ரோல் (மலைல அடிபட்டவங்களுக்கு உதவுற குழு) நம்பர் மேப்லயே இருக்கும், காலைலயே எல்லார் போன்லயும் சேவ் பண்ணிடுங்க. கூப்பிட்டதும் ரன் பேரையும், பக்கத்துல இருக்கிற கம்பத்துலயோ போர்டுலயோ என்ன எழுதியிருக்குன்னும் சொல்லுங்க.

பசங்க சட்டைப் பாக்கெட்ல அப்பா அம்மா போன் நம்பர் எழுதின சீட்டு இருக்கட்டும். காணாம போனா எந்த லிஃப்ட் ஆபரேட்டர்கிட்ட வேணும்னாலும் போய் நின்னா போதும்னு முன்னாடியே சொல்லிக் குடுங்க. நீங்களும் தேடி மலைல அலையாம அடிவாரத்துல சந்திக்கிறதா சொன்ன எடத்துக்குப் போங்க.

13. திரும்புறப்ப

வாடகை சாமான அன்னைக்கே திருப்பிக் குடுத்துட்டு ரசீது வாங்கிடுங்க. மறுநாளும் ஸ்கீ இருக்குன்னா பூட்டுக்கு உள்ள இருக்கிற லைனர தளர்த்தி சூடான ரூம்ல வெய்ங்க, ஹீட்டர் மேல நேரா வெக்காதீங்க. ஈரமான பூட்ல ரெண்டாவது நாள் ஆரம்பிச்சா காலைலயே கால் மரத்துடும்.

அன்னைக்கே வான்கூவர் திரும்புறீங்கன்னா, ஞாயித்துக்கிழமை மூணுல இருந்து ஆறு மணி வரைக்கும் ரோடு நகரவே நகராது. வில்லேஜ்லயே சாப்பிட்டு ஏழு மணிக்கு மேல கிளம்புங்க. ஹெட்லைட்லயும் பின் கேமராலயும் ஒட்டியிருக்கிற பனிய துடைங்க, கூரைல இருக்கிற பனிய தள்ளி விடுங்க, பிரேக் போடும்போது அது மொத்தமா முன் கண்ணாடில சரியும். அதிகம் களைச்சுப் போகாதவங்க யாரோ அவங்க ஓட்டட்டும், பக்கத்துல உக்காந்திருக்கிறவங்க தூங்காம பேச்சுக் குடுத்துட்டே வாங்க.